வலது குதிகால்

பயம் என்கிற சாமானை வைக்க மறந்தே தன் மகளை ஆண்டவர் பூமிக்கு அனுப்பிவிட்டார் என்று பிரிஸில்லா டீச்சர் பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். பெருமையாகச் சொல்கிறாளா, குறைப்பட்டுக்கொள்கிறாளா என்று கேட்பவர்களுக்குப் பிடிபடாது. மகள் டாக்டர் கெசியா காதில் விழுந்தால், "மறக்கல மம்மி, வேண்டாம்னு நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன்" என்பாள். வாய் அப்படி. ஆனால் ஒரு கிலோ தேறாத சிசுவின் தொப்புளில் நூல் பருமன் குழாயை முதல் தடவையிலேயே ஏற்றிவிடுகிற கை அவளுக்கு இருந்தது. அந்தக் கைக்காக அந்த வாயை வார்டில் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

1997 ஐப்பசி மாதம் அது. பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைக்கென்று ஒரு தனிப் பயிற்சியை அவள் இருந்த மருத்துவமனை ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை வைத்தியம் படித்து முடித்த டாக்டர்களே மேற்கொண்டு இரண்டு வருஷம், குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைத்திருக்கிற எட்டுக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவில் கிடந்து பழக வேண்டும். முதல் வருஷம் சேர்ந்தது கெசியா ஒருத்திதான். ஒருத்திக்காக ஒரு படிப்பா என்று ஆபீசில் முணுமுணுத்தார்கள். படிப்பை ஆரம்பித்த பெரிய டாக்டர் வேதநாயகம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தேறிவிட்டால் அடுத்த மாதம் முதல் வார்டு அவள் பொறுப்பு என்று எழுதியே கொடுத்துவிட்டார். தேறுவோமா என்ற சந்தேகம் கெசியாவுக்குக் கிடையாது. பரீட்சையன்று கட்டிக்கொள்ள வேண்டிய சேலையை மட்டும் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை வியாழக்கிழமை. காலை எட்டரை மணிக்கு அவள் வார்டுக்குள் நுழையும்போதே வாசலில் சுடலைவடிவு மறித்தாள்.

மூன்றாவது பெட்டியில் கிடந்த பெண் குழந்தைக்கு அவள் அத்தை. குழந்தையின் தாய் பாலம்மாள், மாஞ்சோலையில் தேயிலை பறிக்கிறவள். எட்டாம் மாதத்திலேயே ரத்தக்கொதிப்பு ஏறி, மலைப்பாதை பஸ்ஸில் அத்தனை வளைவும் குலுங்கி இறங்கி, இங்கே வந்து சேர்ந்த அன்றே ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தார்கள். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது கிராம். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் மிச்சம் இடம் இருக்கும். பாலம்மாள் மாடியில் இன்னும் எழுந்து நடமாடவில்லை. அவள் புருஷன் லீவு முடிந்து மலையேறிவிட்டான். துணைக்கு நின்றது அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அவன் அக்கா சுடலைவடிவு மட்டும்தான்.

"டாக்டரம்மா, ஒரு வார்த்த."

"சொல்லுங்கக்கா. சட்டுனு சொல்லணும். இன்னைக்கு எனக்குப் பரீட்சை."

"இந்த வயசுலயுமா?" என்று சுடலைவடிவு நிஜமாகவே இரக்கப்பட்டாள். பிறகு மடியிலிருந்து ஒரு மருந்துச் சீசாவை எடுத்தாள். உள்ளே கருத்துப் போன மலைத்தேன். "பிள்ளைக்கு இன்னும் சேனை வைக்கல. பாலம்மாவுக்கு மூத்தது ஒண்ணு, போன வருசம். சேனை வைக்காமலே மூணாம் நாளு போயிட்டு. இன்னைக்கு இதுக்கு மூணாம் நாளு. மேல கெடந்து அழுதுக்கிட்டே இருக்கா. நீங்களே ஒரு சொட்டு தொட்டு வச்சீயன்னா, உங்கள மாதிரி வருவாள்லா."

நல்ல குணமும் நல்ல கையும் உள்ள ஒருவர் பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். இரண்டு வருஷத்தில் கெசியாவை இப்படிக் கேட்டவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். நாற்பது பேருக்கும் ஒரே பதில்தான்.

"என் குணம் வந்தா உங்களால தாங்க முடியாது. இங்க பாருங்கக்கா, பிள்ளை வாயில குழாய் கெடக்கு. தேன் ஒரு சொட்டுகூட வாய்ப்பக்கம் போகக் கூடாது. போச்சுன்னா பிள்ளை உங்களுக்கு இல்ல. வெளங்குதா?"

"சரிம்மா. வாய்ப்பக்கம் போவமாட்டேன்."

"அம்மாகிட்டயும் அதையே சொல்லுங்க" என்றுவிட்டு கெசியா உள்ளே போனாள். ஏன் போகக் கூடாது, போனால் என்ன ஆகும், அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று உட்கார்ந்து சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அவள் சொல்லவில்லை. நாற்பது பேரும் கேட்டுக்கொண்டு போனார்கள், இவளும் போவாள் என்று நினைத்தாள்.

ஒன்பதரை மணிக்கு சுடலைவடிவு மறுபடி வந்தாள். தாயிடமிருந்து பிழிந்தெடுத்த சீம்பாலை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டுவந்து நர்ஸ் யூனிஸிடம் கொடுத்தாள். அப்படிக் கொண்டு வருகிறவர்கள் குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது வார்டில் வழக்கம். யூனிஸ் பாலை அளந்துகொண்டிருந்தாள். சுடலைவடிவு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பத்து மணிக்கு கெசியா குழந்தையின் சர்க்கரை பார்க்க வந்தாள். இடது காலில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் குத்துவதெல்லாம் வலது குதிகால்தான். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியால் ஒரு குத்து குத்தி, மணி போல் திரண்ட ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கிற காகிதப் பட்டையில் வாங்கினாள். ஒரு நிமிஷம் கழித்துத் தண்ணீரில் அலசி, டப்பாவில் ஒட்டியிருந்த நிறங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் சர்க்கரை குறைவு, நீலம் கூடக்கூட அதிகம். பட்டை மைக்கூட்டில் முக்கி எடுத்தது போல் கருநீலமாக இருந்தது. டப்பாவில் அதற்கு மேல் நிறமே கிடையாது.

காலை ஆறு மணிக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குறைமாதக் குழந்தைகள் இப்படி ஏமாற்றும். உள்ளே ஏறுகிற குளுக்கோஸை உடம்பு செலவழிக்கத் தெரியாமல் ரத்தத்திலேயே தேக்கி வைத்துக்கொள்ளும். தேங்கினால் மூளையில் ரத்தம் கசியவும் கூடும். இதெல்லாம் கெசியாவுக்குத் தலைகீழ்ப் பாடம். பத்து சதவீத டிரிப்பை எடுத்துவிட்டு ஐந்து சதவீதம் மாட்டினாள். இன்றைக்குப் பரீட்சைக்கு இந்தக் குழந்தையைத்தான் வைக்கப்போகிறார்கள் என்று வேதநாயகம் வேறு சொல்லியிருந்தார். நல்ல கேள்வியாகத்தான் வந்து மாட்டியிருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட அவளுக்கு இருந்தது.

பதினொரு மணிக்கு மறுபடி குத்தினாள். அதே கருநீலம்.

"என்னம்மா இது, குறைச்ச பெறகும் எறங்கல?" என்றாள் யூனிஸ். பேச்சோடு பேச்சாகப் பெட்டியின் விளிம்பிலிருந்து ஒரு எறும்பைச் சுண்டிவிட்டாள். "சவம், இந்த எறும்பு வேற. ராத்திரி டூட்டிக்காரி இங்கன உக்காந்து பன்னு தின்னுருப்பா. வரட்டும் அவ."

"இறங்கும், இறங்கும். நேரம் எடுக்கும்" என்றாள் கெசியா.

பதினொன்றரைக்குப் பரீட்சகர் வந்துவிட்டார். டாக்டர் கோமதிசங்கர், சென்னையிலிருந்து. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிதான். ஆனால் அது அவர் பேச்சில் எங்கேயும் தெரியாது. முப்பது வருஷமாக இங்கிலீஷிலேயே பேசி, இங்கிலீஷிலேயே திட்டி, இங்கிலீஷிலேயே தும்முகிறவர் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். உயரமாக, சிரிக்காத முகத்தோடு, கையில் ஒரு கறுப்பு நோட்டோடு மூன்றாவது பெட்டிக்கு எதிரில் வந்து நின்றார். பக்கத்தில் வேதநாயகம்.

கெசியா காகிதம் பார்க்காமல் குழந்தையின் கதையைச் சொன்னாள். தாயின் ரத்தக்கொதிப்பு, எடை, மூச்சு, டிரிப், பால், இன்றைய சர்க்கரை என்று எதுவும் விடவில்லை. கோமதிசங்கர் இடையில் நாலு கேள்வி போட்டார். நாலுக்கும் அவர் வாயை மூடுமுன் பதில் வந்தது. நோட்டில் நாலு டிக் விழுந்ததைக் கெசியா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

"இப்போது என் முன்னால் ஒரு தடவை சர்க்கரையைப் பாருங்கள்" என்றார் அவர்.

பார்த்தாள். வலது குதிகால், ஸ்பிரிட் பஞ்சு, ஒரு குத்து, ஒரு நிமிஷம். மூன்றாம் தடவையும் கருநீலம்.

"டிரிப்பைக் குறைத்து இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. அடுத்தது என்ன?"

"இன்சுலின் சார். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, அரை மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொண்டே போக வேண்டும்."

"நல்லது. செய்யுங்கள்." ஐந்தாவது டிக்.

யூனிஸ் பிரிட்ஜிலிருந்து இன்சுலின் எடுத்துவந்தாள். கெசியா கணக்குப் போட்டு, கரைத்து, சிரிஞ்சில் ஏற்றினாள். டிரிப் குழாயோடு சேர்க்கப் போகிற நேரத்தில்தான் குழந்தையின் கால் சைக்கிள் மிதிப்பது போல் அசைய ஆரம்பித்தது. வாய் எதையோ மெல்லுவது மாதிரி சப்புக்கொட்டியது. கண் ஒரு பக்கமாகப் போய் நிலைகுத்தி நின்றது.

"வலிப்பு" என்றார் வேதநாயகம்.

"மூளையில் கசிவு ஆரம்பித்திருக்கலாம். சர்க்கரை இவ்வளவு ஏறினால் எதிர்பார்க்க வேண்டியதுதான்" என்றார் கோமதிசங்கர். "தாமதிக்க வேண்டாம் டாக்டர். இன்சுலின்."

கெசியாவின் கையில் சிரிஞ்சு இருந்தது. பாடம் அதைத்தான் சொல்கிறது, பரீட்சகரும் அதைத்தான் சொல்கிறார், அவளே தன் வாயால் சொன்னதும் அதுதான். ஆனாலும் கை நகரவில்லை. எதுவோ ஒன்று ஒட்டவில்லை. இரண்டு மணி நேரமாக ரத்தத்தில் அவ்வளவு சர்க்கரை ஓடினால் குழந்தை மூத்திரமாகப் பெய்து தள்ளியிருக்க வேண்டும். அடித்துணி லேசாகத்தான் நனைந்திருந்தது.

"யூனிஸ் அக்கா, மூத்திரத்துல சர்க்கரை பாத்தீங்களா?"

"பத்தரைக்கும் பாத்தேன், பதினொண்ணேகாலுக்கும் பாத்தேன். துளிகூட இல்ல. சார்ட்ல எழுதிருக்கேனே."

எழுதித்தான் இருந்தது. கெசியாவின் மூக்குக்கு எதிரிலேயே தொங்கிய காகிதத்தில், யூனிஸின் உருண்டை உருண்டையான கையெழுத்தில், இரண்டு தடவை 'இல்லை' என்று இருந்தது. நிறத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அதைப் பார்க்கத் தோன்றாமல் போய்விட்டது அந்தக் கெட்டிக்காரிக்கு.

அவள் சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள். "இன்சுலின் வேண்டாம் சார்."

"ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"சொன்னேன் சார். தப்பாச் சொன்னேன். ரத்தம் சர்க்கரை இருக்குங்குது, மூத்திரம் இல்லைங்குது. ரெண்டும் ஒரே உடம்புல இருந்து வருது. ஒண்ணு பொய்."

இங்கிலீஷ் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்து பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டு வலது காலைப் பிடித்தாள். குதிகாலுக்குக் கீழே, பாதத்தின் மடிப்பில், ஒரு சிற்றெறும்பு தலையைத் திணித்துக்கொண்டு மும்முரமாக இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கெசியா விரலால் பாதத்தைத் தடவினாள். கையுறை ஒட்டியது. மோந்து பார்த்தாள்.

"தேன்" என்றாள்.

யாருக்கும் பேச அவள் நேரம் கொடுக்கவில்லை. "யூனிஸ் அக்கா, வெந்நீர்! பஞ்சு! பத்து பெர்சென்ட் குளுக்கோஸ் ஒரு சிரிஞ்சுல!" ஒரு கையால் மூச்சையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டே மறு கையால் அந்தத் தீக்குச்சிக் காலை இரண்டு தடவை வெந்நீரில் கழுவினாள், ஈரம் போகத் துடைத்தாள், குத்தினாள். அந்த ஒரு நிமிஷம் போகவே மாட்டேன் என்றது. அலசி எடுத்த பட்டையில் நிறமே இல்லை. டப்பாவில் அதற்குக் கீழே போக இடமில்லாத வெளுப்பு.

இரண்டு மணி நேரமாகக் குழந்தை பட்டினி கிடந்திருக்கிறது. ஏறிக்கொண்டிருந்த கொஞ்சத்தையும் பாதியாக்கியது கெசியாவின் கை. இன்சுலினும் போயிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை, வெள்ளைத் துணிதான்.

இரண்டே முக்கால் மில்லி குளுக்கோஸைப் பையச் செலுத்தினாள். டிரிப்பைப் பழையபடி பத்துக்கு மாற்றினாள். மிதித்துக்கொண்டிருந்த கால் தளர்ந்தது. சப்புக்கொட்டல் நின்றது. நிலைகுத்தியிருந்த கண் மெல்ல நடுவுக்கு வந்து, இமை மூடியது. நெஞ்சு சீராக ஏறி இறங்க ஆரம்பித்தது. கெசியா அப்போதுதான் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயம் என்கிற அந்தச் சாமான் தனக்குள்ளும் எங்கேயோ இருந்திருக்கிறது என்று முப்பத்தோராவது வயதில் அவளுக்குத் தெரிந்தது.

யூனிஸ் அதற்குள் மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்த சுடலைவடிவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள். கூட்டிவந்தாள் என்ன, இழுத்துவந்தாள்.

"கேளுங்க இவகிட்ட! ஏளா, உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? தேனைக் கொண்டுபோய்த் தடவி வச்சிருக்க?"

சுடலைவடிவு பெட்டியைப் பார்த்தாள், வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்தாள். "வாயில தொடலையே! டாக்டரம்மா வாய்ப்பக்கம் போவக் கூடாதுன்னாவ. நான் போவலையே. அந்த ஓட்டைக்குள்ள கை விட்டேன், கிட்டத்துல காலுதான் இருந்துச்சு. உள்ளங்கால்ல ஒரு சொட்டு தொட்டு வச்சேன். அம்புட்டுதான். என்னம்மா ஆச்சு பிள்ளைக்கு? நான் என்னம்மா செஞ்சேன்?" குரல் உடைந்து அப்படியே தரையில் குந்திவிட்டாள். "ஏ ஆத்தா, மூத்தது போனதுக்கும் நான் ராசியில்லாதவ தொட்டதுதான் காரணம்னாவளே. இதையும் நானே கொன்னுட்டேனா?"

"இனிமேல் இந்த அம்மாவை வார்டுக்குள் விடக் கூடாது. பார்வையாளர் யாரையுமே விடக் கூடாது" என்றார் வேதநாயகம். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

கோமதிசங்கர் நோட்டைப் புரட்டினார். "டாக்டர் கெசியா, பரீட்சை இன்னும் முடியவில்லை. பட்டை பொய் சொன்னதற்குக் காரணம் என்ன? தேன் இல்லாமல் சீனித்தண்ணீராக இருந்திருந்தால்?"

"சீனியா இருந்தா இந்தப் பட்டை கண்டுக்காது சார். அது குளுக்கோஸுக்கு மட்டும்தான் நிறம் மாறும். தேன்ல குளுக்கோஸ் இருக்கு, உள்ளங்கால்ல வச்சது குதிகால் வரைக்கும் பரவிருக்கு. அதனால ரத்தத்தோட கலந்து நிறம் ஏறிட்டு."

"அப்படியானால் காரணம், உறவினரின் அறியாமை." அவர் எழுதப் போனார்.

'ஆமாம் சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரீட்சை முடிந்தது, வார்டு அவள் கையில். கண்டுபிடித்தவள் என்ற பேரும் மிச்சம். சுடலைவடிவு தரையில் குந்தியபடியே இவர்கள் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் தனக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது. இதைத் தலையில் சுமந்துகொண்டுதான் அவள் மலையேறப் போகிறாள். பிள்ளை பிழைத்தாலும் அந்தச் சுமை இறங்காது.

"இல்ல சார்" என்றாள் கெசியா. தமிழில்தான் சொன்னாள். வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். "அவங்க நான் சொன்னத அப்படியே கேட்டாங்க. வாய்னு சொன்னேன், வாயத் தொடல. ஏன்னு நான் சொல்லிருந்தா கால்லயும் தொட்டிருக்க மாட்டாங்க. அது ஒண்ணு. ஸ்பிரிட்ட வச்சுத் துடைச்சா தேன் போகாது, கழுவணும். நான் கழுவல. மூணு தடவயும் ஒரே கால்ல குத்துனேன். சந்தேகம் வந்து கையில ஒரு தடவ குத்திருந்தா முதல் தடவயே பிடிச்சிருப்பேன். மூத்திரத்துல சர்க்கரை இல்லன்னு யூனிஸ் அக்கா எழுதி வச்சத நான் படிக்கல. எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன். தப்பு முழுக்க எனக்குச் சொந்தம். அவங்களுக்கு ஒரு பங்கும் இல்ல."

வேதநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருஷம் பாடுபட்டு வளர்த்த ஒரே மாணவி தன் காலில் தானே கோடாலியைப் போட்டுக்கொண்டால் வேறு என்ன செய்வார்.

"நீங்கள் சொன்னதை நான் குறிப்பில் எழுத வேண்டியிருக்கும்" என்றார் கோமதிசங்கர்.

"எழுதுங்க சார். ஒண்ணும் விட்டுறாம எழுதுங்க. அடுத்து வாறவங்களுக்கு உதவும்."

சுடலைவடிவு எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பரீட்சகர் முன்னால் போய் நின்றாள். "சார், அந்தப் பிள்ளை மேல ஒண்ணும் எழுதாதீய. தொட்டது நான். அவ என்னைய காப்பாத்தப் பொய் சொல்லுதா."

"பொய் இல்லக்கா. சத்தியமா பொய் இல்ல. நீங்க உங்க பிள்ளைக்கு நல்லதுதான் நெனச்சீங்க. ராசியும் இல்ல, கீசியும் இல்ல. இங்க வாங்க."

கோமதிசங்கர் பேனாவை மூடாமல் நின்றார். "சரி, கடைசிக் கேள்வி. நாளைக் காலை இந்த வார்டு உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். இந்த அம்மா வாசலில் வந்து நிற்கிறார். என்ன செய்வீர்கள்?"

"நாளை வரைக்கும் எதுக்கு சார்" என்றாள் கெசியா.

குளுக்கோஸ் ஏற்றி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த சர்க்கரை பார்க்க வேண்டிய வேளை. அந்த ஒரு பட்டையில்தான் எல்லாம் இருந்தது. சர்க்கரை ஏறி நின்றால் குழந்தை தப்பியது. மறுபடி சரிந்தால், வலிப்பு திரும்பும், அப்புறம் மூளையில் என்ன மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை கெசியா மறைக்கவில்லை. சுடலைவடிவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு எப்படிக் கழுவுவது என்று காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் நல்ல தமிழில் சொன்னாள். பெட்டிக்குள் சூடு எதற்கு, குழாய் எதற்கு, ரத்தத்தில் சர்க்கரை எதற்கு, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிற எதுவும் இந்த உடம்புக்கு ஏன் ஆகாது என்று சொன்னாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சுடலைவடிவு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "அப்படியா சங்கதி" என்று கேட்டுக்கொண்டாள்.

"இப்ப காலை நீங்க கழுவுங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துல நிக்கேன்."

தேயிலைக் கறை ஏறிக் காய்த்துப்போன விரல்கள் அவளுடையவை. கொழுந்தைக் கசக்காமல் கிள்ளிப் பழகிய விரல்கள். அந்தக் குதிகாலை இரண்டு விரலுக்கு நடுவில் ஏந்தி, வெந்நீர்ப் பஞ்சால் விரலிடுக்கு விடாமல் கழுவினாள். கெசியா பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கழுவியதைவிட இவள் சுத்தமாகக் கழுவுகிறாள் என்று நினைத்தாள், சொல்லவும் சொன்னாள். துடைத்த பிறகு குத்தினாள். ரத்தம் திரண்டது. பட்டை வாங்கிக்கொண்டது.

ஒரு நிமிஷம். யூனிஸ் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். சுடலைவடிவு காலை விடவில்லை.

அலசினாள். வெளுப்பும் இல்லை, கருநீலமும் இல்லை. டப்பாவின் நடுவில் இருக்கிற, தினமும் பார்த்துச் சலித்துப்போன, சாதாரணமான வெளிர் நீலம்.

"எழுபத்தஞ்சு!" என்று கத்தியேவிட்டாள் கெசியா. கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. "தப்பிச்சுட்டா அக்கா. உங்க பிள்ளை தப்பிச்சுட்டா."

சத்தத்துக்கோ, குத்திய வலிக்கோ, குழந்தை முகத்தைச் சுருக்கி, சுடலைவடிவின் விரலில் ஒரு உதை விட்டது. "ஏ யாத்தே, மிதிக்காளே என்னைய!" என்றாள் அவள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது.

கோமதிசங்கர் நோட்டில் நீளமாக எதையோ எழுதினார். எழுதி முடித்து வேதநாயகத்திடம் நீட்டினார். "தப்பு நாலையும் எழுதிட்டேன். கண்டுபிடிச்சத ஒரு வரியில எழுதிருக்கேன். தப்ப ஒத்துக்கிட்டத மூணு வரி. தேறிட்டா வே" என்றார். முப்பது வருஷம் காணாமல் போயிருந்த கல்லிடைக்குறிச்சி எங்கிருந்தோ அவர் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வேதநாயகம் படித்துப் பார்த்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

தப்பித்த பிள்ளையைத் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கோமதிசங்கருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டியை நோக்கி வந்தார், ஓட்டைக்குள் கையை நீட்டினார்.

"சார்!" என்றாள் சுடலைவடிவு. குழந்தையின் காலைப் பிடித்த கையை எடுக்காமல், மறு கையைக் குறுக்கே நீட்டி அவரை மறித்தாள். "அங்கனயே நில்லுங்க. நீங்க கை கழுவல."

பெரிய பெரிய டாக்டர்களைப் பரீட்சையில் கவிழ்த்துப்போட்ட மனிதர் அந்தக் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி கெசியாவிடம் கொடுத்துவிட்டு, சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்து நிதானமாகத் தேய்த்தார். திரும்பிப் பார்த்து, "போதுமாம்மா?" என்று கேட்டார்.

"விரலிடுக்கு" என்றாள் சுடலைவடிவு.